திட்டு

சொர்ணாவூர் அணைக்குக் கிழக்கே
பங்குனியில் பெண்ணை ஆறாக இருப்பதில்லை.
வடகரை புதுச்சேரி, தென்கரை கடலூர்,
நடுவில் மணல், மணலில் என் மாட்டுவண்டி.
ராத்திரி ரெண்டு மணிக்கு
இரண்டு சர்க்காரும் தூங்கும்.

தூங்காதது ஒன்று உண்டு.
மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புச் சதை.
"ஆரது ஆரது, ஏன் வந்தே" என்று
தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும்.
கோதண்டன் கல்லெடுப்பான்.
விடுடா, பேரே ஆள்காட்டி,
வேறென்ன செய்யும் என்பேன்.

மண்வெட்டிக்கு ஒரு சாண் முன்னால்
நிலா வெளிச்சத்தில் நாலு கூழாங்கல்.
குனிந்தால் முட்டை.
கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்து,
ஒரே தட்டில் கைவைத்த பிள்ளைகள் மாதிரி.
கூடு என்று சொல்ல ஏதுமில்லை.
உள்ளங்கை அளவு பள்ளம்,
ஓரத்தில் நத்தை ஓடு, நாலைந்து ஆட்டுப் புழுக்கை.

நான் நல்லவனெல்லாம் இல்லை.
முட்டை உடைத்த காசு வேண்டாம், அவ்வளவுதான்.
சுற்றி ஒரு வட்டம் கிழித்தேன்.
வட்டத்துக்கு வெளியே வெட்டினோம்.

பகலில் மாடு கழுவப் போகும்போது பார்ப்பேன்.
ஆண் எது பெண் எது தெரியாது.
ஒன்று நடந்து வரும், மற்றது எழுந்து போகும்,
ஷிப்ட் மாறுகிற ஆலைக்காரர்கள்போல
ஒரு வார்த்தை பேசாமல்.
உச்சி வெயிலில் குட்டையில் இறங்கி
வயிற்றை நனைத்துக்கொண்டு
சொட்டச் சொட்ட வந்து உட்காரும்.
அடைகாப்பது சூடு கொடுக்க என்றே நினைத்திருந்தேன்.
சித்திரை மணலில்
அது ஈரத்துணி போடுகிற வேலை.

காக்கை வந்தால்
அக்கம்பக்கத்துக் கூடுகள் எல்லாம் எழும்பித் துரத்தும்.
காக்கை போனதும்
அதே பறவைகளுக்குள் எல்லைத் தகராறு.

ஒரு நாள் நாய் வந்தது.
பறவை ஓடிப்போய் வெறும் மணலில்
இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது.
நாய் அங்கே போனது.
இன்னும் தள்ளி உட்கார்ந்தது.
இல்லாத முட்டையை
அத்தனை அக்கறையாக அடைகாத்தது.
அப்போது உறைத்தது:
இது யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.
தன்னைக் காட்டி
முட்டையை மறைக்கிறது.

இருபத்தேழாம் நாள்.
சுற்றிலும் நாங்கள் தோண்டித் தோண்டி
வட்டம் ஒரு திட்டாகியிருந்தது.
என் தயவு
இடுப்பு உயரத்துக்கு நின்றது.
உச்சியில் பஞ்சு உருண்டையாய் இரண்டு குஞ்சு.
பொரித்த அன்றே நடக்கிற சாதி,
நடக்க வழியில்லை.
கீழே நின்று தாயும் தகப்பனும் அழைக்க
விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்து
விளிம்பு சரியச் சரியப் பின்வாங்கின.

யோசிக்கவில்லை. பட்டப்பகல்.
மண்வெட்டி எடுத்துச் சரிவு வெட்டினேன்,
குட்டைப் பக்கமாக, மெதுவாக.
பதினோரு பறவை தலைக்கு மேல்.
மண்டையில் றெக்கைக் காற்று.
அத்தனை திட்டு என் ஜன்மத்தில் வாங்கியதில்லை.
அந்தச் சத்தத்துக்குத்தான்
கரையில் போன ஜீப் நின்றது.
எந்த சர்க்கார் ஜீப் என்று பார்க்கவும் நேரமில்லை.

என்னய்யா வெட்டறே?
சரிவுங்க.
யாருக்கு?
கையை நீட்டிக் காட்டினேன்.
ஒரே ஒரு கூவல், வேறு மாதிரி, அடிக்குரலில்.
குஞ்சுகள் படுத்தன.
மணலாயின.
அவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.
என் விரல் காட்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.

வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.
மாடுகளுக்கு வைக்கோல் கொண்டுவந்த கோதண்டன்
காலையில் ஆற்றுக்குப் போய் வந்தானாம்.
சரிவில் குச்சி குச்சியாய்க் காலடித் தடம்,
குட்டைவரைக்கும் போகிறது என்றான்.
எத்தனை வரிசை என்று கேட்டேன்.
மூணு, என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
சரியா எண்ணலண்ணே, என்றான்.